தலைமைத் திறன்: எட்டு

ஜனவரி 9

சின்னவனுக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். அடுத்தவர் தலையில் கல்லைப் போடுகிறவர்கள் எல்லாருமே நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

என் எண்ணை நீ ஃபோனில் தடுத்துவைத்து ஏழு வருடம் ஆகிறது. மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், ஒரே முகவரி. அதன் முன்னால் உன் அத்தான் குடியிருக்கிறார். அதனால் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, கண் சோதிக்க வருகிறவர்களுக்கு நடுவே இதை எழுதுகிறேன். பதில் எழுதும் எண்ணம் இருந்தால் கடை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம்.

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு உன் அத்தானுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆடுகிற போர் விளையாட்டுகள். ஆடுவதைவிட, வரப்போகிற விளையாட்டுகளுக்குக் காத்திருப்பதுதான் அதிகம். பின்னறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார். எந்த விளையாட்டு எந்த மாதம் வருகிறது, யார் தயாரிக்கிறார்கள், எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள், எல்லாம் அதில் இருக்கும். குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே பலகைக்குத்தான் போவார். அறுகோணக் கட்டம் இல்லாத விளையாட்டை விளையாட்டென்றே ஒத்துக்கொள்ள மாட்டார். இணைய மன்றத்தில் 'பழைய லாரி' என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த டாங்கிக்குச் சக்கரம் ஆறா ஏழா என்று முன்பின் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டுவார். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி பாஷை வந்துவிட்டது.

இரண்டு வருடமாக அந்தப் பலகையில் முதல் வரி 'பதினேழு நாள்'. நம்முடைய எல்லைப் போர். அவர் நின்ற ஆறு, அவர் நின்ற பாலம். "நம்ம சண்டையையும் ஒருத்தன் மதிச்சு கேம் பண்றான் பாரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மார்ச் பதினான்கு வெளியீடு.

நேற்று அதன் ஸ்கிரீன்ஷாட்கள் வந்தன. அவர் கிடங்கில் இருந்தார். அவருக்காக நான் திறந்து பார்த்தேன். அதிகாரிகளின் அட்டைகள் வரிசையாக இருந்தன. பாலத்துக் கேப்டன் என்று அவர் பெயர், அவர் படம். தலைமைத் திறன், ஒன்பதுக்கு ஒன்று. அதன் கீழே 'தயங்குபவர்' என்று ஒரு பட்டம் வேறு.

யாரோ தெரியாதவன் போட்ட எண் என்று விட்டிருப்பேன். பக்கத்து அட்டையைப் பார்த்தேன். நம் பெரியவன். பத்துப் பதினைந்து ஆட்களை வைத்திருந்த ஒரு லெப்டினன்டுக்கு ஒன்பதுக்கு ஒன்பது. படைத் தளபதிக்கே ஏழுதான். கூடப்பிறந்தவனைத் தவிர யார் அப்படிக் கொடுப்பார்கள்? அந்தப் படத்தில் பெரியவன் தோளில் இருக்கிற கை என்னுடையது. என் கல்யாணப் படம். அதன் பிரதி இரண்டுதான் போட்டோம். ஒன்று என் அலமாரியில் இருக்கிறது, இன்னொன்று உன்னிடம். அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த ஆபீஸ் முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

செத்துப்போனவனை வெட்டி எடுத்து ஒட்டி, உயிரோடு இருப்பவரைக் கொல்கிறாய். வெளியீட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த எண்ணை மாற்று. அவர் பார்ப்பதற்கு முன்னால் மாற்று.

அக்கா


ஜனவரி 21

அக்கா,

உன் கடிதத்தைக் கீழே இருக்கிற டயர் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடி, தபால்காரருக்கு முழங்கால் வலி. ஆறு பேர், நான்கு மேஜை, ஒரு ஜன்னல். இங்கே நான் செய்கிற வேலை, போரில் இருந்த அதிகாரிகளைப் பற்றி ஆவணம் தேடிப் படித்து ஆளுக்கு ஒரு எண் போடுவது.

நீ கண்டுபிடித்தது சரி. பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நானூற்றுப் பத்துப் பேருக்கு ஆவணத்தைப் பார்த்துப் போட்டேன். ஒருவனுக்குப் பாசத்தில் போட்டேன். ஒருவருக்கு வஞ்சத்தில் போட்டேன். கை தவறிப் போட்டேன் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஏன் பேச்சை நிறுத்தினேன் என்று நீ ஒரு தடவைகூட நேராகக் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். அண்ணனோடு அக்கரையில் இருந்தவர்களில் ஒருவர் மட்டும் நீந்தி வந்தார். அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், கையில் எண்ணெய்த் துணியோடு நின்றபடி சொன்னார்: "பன்னெண்டு ஆகறதுக்குள்ள கரைக்கு வந்துட்டோம் தம்பி. பாலம்தான் இல்ல. புகை மட்டும் இருந்துச்சு. ரெண்டு பேரு காயம்பட்டவங்க, உங்க அண்ணன் அவங்கள இறக்கி வச்சுட்டு நம்ம பக்கத்துக் கரையையே பாத்துட்டு நின்னாரு."

தலைமையகம் பதினொன்றரைக்கு உத்தரவு கொடுத்தது. ஆட்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு பன்னிரண்டுக்குள் பாலத்தைத் தகர்க்க வேண்டும். உன் வீட்டுக்காரர் பதினொன்றே முக்காலுக்கே தகர்த்துவிட்டார். கால் மணி நேரம், அக்கா. கடைசி நிமிடம் வரை காத்திருந்தால் நம் அண்ணனுக்கு இன்றைக்கு நாற்பத்து நான்கு வயது. அவனுக்குப் பட்டாள ஆசையைக் காட்டிக் கூட்டிப்போனதே அத்தான்தான் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

விசாரணைக் குழு அவரை விடுவித்தது. 'துரிதமான பின்வாங்கலுக்கு' பதக்கம் குத்தினார்கள். அதை நீ கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாய். சாப்பிட வரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவரைக் கேள்வி கேட்க இந்த உலகத்தில் எனக்கு ஒரு இடமும் இல்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு சின்னக் கட்டம் கிடைத்தது. விரல் நகம் அகலம் இருக்கும். அதில் நான் நினைத்ததை எழுதினேன்.

அவர் இரண்டு வருடமாக ஆவலோடு காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. ஆசையாகத் திறக்கட்டும். ஒன்று ஒன்றாகவேதான் இருக்கும்.

சின்னவன்


பிப்ரவரி 4

சின்னவனுக்கு,

அவர் பார்த்துவிட்டார்.

கத்துவார், கம்ப்யூட்டரை உடைப்பார் என்று நீ எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவாய். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "ஒண்ணா?" என்றார். பிறகு, "இவங்களுக்கு என்ன ஆவணம் கிடைச்சுதோ" என்றார். பழைய லாரி என்ற பெயரிலேயே மன்றத்தில் ஒரு கேள்வி போட்டார், பாலத்துக் கேப்டனுக்கு எந்த அடிப்படையில் இந்த மதிப்பு என்று. எத்தனை மரியாதையாகக் கேட்டிருந்தார் தெரியுமா? அதற்குக் கீழே எவனோ ஒருவன், 'அந்த ஆள் பயந்தாங்கொள்ளியாக இருந்திருப்பான்' என்று எழுதிச் சிரித்திருந்தான். அவர் அதைப் படித்தார். எழுந்துபோய் வீட்டில் இருக்கிற செருப்பு, ஷூ எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பாலிஷ் போட்டார். என்னுடையதையும் சேர்த்து.

நீ கால் மணி நேரக் கணக்கை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அல்லது தெரிந்தும் மறைக்கிறாய். அன்றைக்குக் காலையிலிருந்தே வயர்லெஸ் வேலை செய்யவில்லை. பெரியவன் இன்னும் அக்கரைச் செங்கல் சூளையில் இருக்கிறானா, ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிற துறை வழியாகக் கடந்துவிட்டானா என்று அவருக்குத் தெரியாது. கடந்துவிட்டான் என்றே நினைத்தார். பத்தொன்பது வருடமாக என்னிடம் இதைத்தான் சொல்கிறார். நான் நம்புகிறேன். நம்பாமல் எப்படி ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்திருப்பது?

பெரியவன் உனக்கு மட்டும் சொந்தம் என்பதுபோல் எழுதுகிறாய். அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். எனக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக டாக்டர் சொன்னால்கூட அவனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவன் போனபோது நீ பென்சிலைக் கடித்துக்கொண்டு திரிந்த பயல். உன் துக்கம் பெரிது, என் துக்கம் சின்னது என்று எந்த எண்ணை வைத்து அளந்தாய்?

கெஞ்சிப் பார்த்தேன். நீ மசியவில்லை. இனி என் முறை. உன் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். உங்கள் எண்காரர் அந்தக் கேப்டனின் சொந்த மைத்துனர், குடும்பப் பகையை உங்கள் விளையாட்டுக்குள் புகுத்துகிறார் என்று. நீ தோள்வரை வெட்டிய கல்யாணப் படத்தின் முழுப் பிரதியையும் இணைத்திருக்கிறேன். அதில் அவரும் இருக்கிறார், நானும் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய். கால்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் பல் இளித்தபடி.

வேலை போனால் என்னைத் திட்டு. எனக்குக் கவலையில்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

நல்ல வேலை செய்தாய். என் ரத்தம்தானே நீயும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். அவர் ஒரு டாங்கிப் பைத்தியம், மேஜை முழுக்கப் பொம்மை டாங்கிகள். அவற்றை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிவிட்டு உன் படத்தை நடுவில் வைத்தார். "இந்தப் பையன் நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். "சொந்தப் பகைய வீட்டுல வச்சுட்டு வரணும்பா. இது கேம். நம்மள நம்பி ஆளுங்க காத்துட்டு இருக்காங்க" என்றார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆதாரம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். பாலத்துச் சண்டை வரும் கட்டத்தைச் சோதனையாளர்களிடம் கொடுத்து முப்பது முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வரலாற்றில் நடந்தது திரையில் நடந்தால் எண் சரி. நடக்காவிட்டால் மாற்ற வேண்டும், என் வேலையும் போகும்.

இனிமேல்தான் வேடிக்கை. இந்த விளையாட்டில் ஆடுகிறவர் தலைமையகத்தில் இருப்பார். பதினொன்றரைக்கு உத்தரவு தானாகவே போகும். தலைமைத் திறன் என்பது வீரத்துக்கான மதிப்பெண் இல்லை. வந்த உத்தரவை ஒரு அதிகாரி எத்தனை சீக்கிரம் செய்து முடிக்கிறார் என்பதற்கான எண். இந்த விதியை எழுதியதே நான்தான். ஆனால் அவருக்கு ஒன்று போட்ட அன்றைக்கு எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. திட்டு மாதிரி நினைத்துப் போட்டுவிட்டேன். எங்கள் வேலையில் ஒரு கற்றுக்குட்டிகூடச் செய்யாத தவறு.

முப்பது முறை ஓட்டினார்கள். உத்தரவு பாலத்துக்கு வருகிறது. ஒன்று எண் உள்ள கேப்டன் தயங்குகிறார், தயங்குகிறார், பன்னிரண்டே காலுக்குத்தான் வெடி வைக்கிறார். பன்னிரண்டுக்கு அண்ணன் கரைக்கு வந்து, பன்னிரண்டு பேரோடும் பாலத்தைக் கடந்துவிடுகிறான். முப்பதில் இருபத்தொன்பது முறை அண்ணன் பிழைத்தான். ஒரு சோதனையாளர் குறிப்பு எழுதியிருந்தார்: 'பாலத்துக் கேப்டன் அபாரம். தன் ஆட்களை விட்டுவிட்டுப் போகாத ஒரே அதிகாரி இவர்தான்.'

அதைப் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நான் வஞ்சம் வைத்துப் போட்ட எண், அவரை மகா மனிதராக்கிக் காட்டிவிட்டது. அவர் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதைத் திரையில் செய்யவைத்துவிட்டது.

பிறகு வந்து ஒவ்வொரு எண்ணாக ஏற்றிப் பார்த்தேன். நான்குக்குப் பிழைக்கிறான். ஆறுக்கும் பாதி முறை பிழைக்கிறான். எட்டு போட்டதும் வரலாறு அப்படியே வந்து நின்றது. பதினொன்றே முக்காலுக்குப் பாலம் போனது. பன்னிரண்டுக்கு, திரையில் அண்ணனைக் குறிக்கிற சின்னச் சதுரம் ஆற்றங்கரையில் வந்து நின்றது. நகரவில்லை.

ஆகவே உன் வீட்டுக்காரருக்கு எட்டு. 'தயங்குபவர்' பட்டத்தை எடுத்துவிட்டேன், 'துரிதமானவர்' என்று போட்டிருக்கிறேன். நீ கேட்டது கிடைத்துவிட்டது, எடுத்துக்கொள். எத்தனை முறை ஆடினாலும் எட்டாம் எண் கேப்டன் சரியான நேரத்துக்குப் போய்விடுவார். அவர் தன் கையால் ஆடி, தன் கண்ணால் பார்க்கட்டும். உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட எனக்கு இத்தனை நல்ல பழி கிடைத்திருக்காது.

சின்னவன்


மார்ச் 7

சின்னவனுக்கு,

புது ஸ்கிரீன்ஷாட் வந்தது. எட்டைப் பார்த்தோம்.

மன்றத்தில் அன்றைக்குச் சிரித்தவன் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறான். பழைய லாரி பெருந்தன்மையாக, 'பரவாயில்லை, ஆவணங்கள் கிடைப்பது கடினம்தான்' என்று பதில் எழுதினார். எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு குளிக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. குரல் சகிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ அதை அன்பளிப்பாகக் கொடுக்கவில்லை என்று புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் எட்டு எட்டுதான். உத்தரவு வந்தது, சொன்னபடி செய்தார். நாங்கள் இத்தனை வருடமாகச் சொல்வதும் அதைத்தான். நீ பழி என்று நினைத்து அச்சடித்தது எங்களுக்கு நற்சான்றிதழாக இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு வயிறு எரிந்தால் மோர் குடி.

வெளியீட்டை மறுபடி ஏப்ரல் நான்குக்குத் தள்ளிவிட்டீர்களாமே. பலகையில் தேதியை அழித்து எழுதும்போது உங்கள் ஆபீஸை ஒட்டுமொத்தமாகத் திட்டினார். "தண்டச்சோத்துப் பசங்க, ஒரு தேதிய ஒழுங்கா சொல்லத் தெரியல" என்றார். அதில் நீயும் ஒருவன் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் காது குளிர்ந்தது.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

விளையாட்டு வெளிவந்து இரண்டு வாரம் ஆகிறது. எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். முதலாளி ஆபீஸில் எல்லாருக்கும் ஒரு பொம்மை டாங்கி கொடுத்தார். என் வேலை போகவில்லை.

ஒரு விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வெளியீட்டு அன்று எல்லாரும் கீழே டீ குடிக்கப் போன நேரத்தில், நான் மட்டும் உட்கார்ந்து பாலத்துக் கட்டத்தை ஓட்டினேன். அவர் போவதைப் பார்த்துக் கறுவலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உத்தரவு வந்தது. கேப்டனின் சதுரம் பாலத்தைக் கடந்தது. பாலம் போனது. எனக்குக் கோபமே வரவில்லை. மறுபடி ஓட்டினேன். அப்போதும் வரவில்லை. ஒரு ஆள் தனக்குச் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான் தெரிந்தது.

ஆதாரம் எழுதிக் கொடுப்பதற்காக விசாரணை அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். முன்பு படித்ததெல்லாம் எனக்கு வேண்டிய வரிகளை மட்டும்தான். நீ சொன்னது அதில் இருக்கிறது. செங்கல் சூளைப் பிரிவு, காலை முதல் வயர்லெஸ் தொடர்பு இல்லை. விளையாட்டிலும் நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். அண்ணன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத ஒருவர் யாருக்காகக் காத்திருப்பார்? எதிரி டாங்கிகள் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன. என் கண் முன்னால் அந்தப் பாலம் இருந்திருந்தால் நானும் பதினொன்றே முக்காலுக்குத் தகர்த்திருப்பேன்.

பதினான்கு வயதில் ஒருவரைக் கொலைகாரன் என்று முடிவுகட்டிவிட்டேன். முப்பத்து மூன்று வயதில் ஒரு எண்ணைப் போட்டு, அது தவறாகப் போய், அதைச் சரிபார்க்கும்போதுதான் புத்தி வருகிறது. உனக்கு எழுதின வார்த்தைகளை நினைத்தால் கூசுகிறது. உன் கல்யாணப் படத்தை வெட்டியதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

உன் எண்ணை ஃபோனில் திறந்துவிட்டேன். ஆனால் நீ பேசினால் எனக்கு அழுகை வரும், அதனால் எழுதவே செய். ஜூனில் ஒரு வாரம் விடுப்பு இருக்கிறது. வரட்டுமா? அத்தானிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஒன்றைப் போட்டது நான்தான் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவை. திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

சின்னவன்


மே 9

சின்னவனே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையிலேயே அழுதேன். கண் சோதிக்க வந்தவர், லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்றைக்கே எல்லாவற்றையும் உன் அத்தானிடம் சொல்லி, ஜூனில் உன்னை வரவழைத்துவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன்.

விளையாட்டு வந்த நாளிலிருந்து அவர் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. ஆடுவதில்லை, பிழை கண்டுபிடிக்கிறார். ஒரு தகவல் தப்பாக இருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது, உனக்குத்தான் தெரியுமே. கிடங்கின் ரசீதுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதி நாற்பத்தொரு திருத்தம் சேர்த்திருந்தார். "உன் கை வேகமா ஓடும், இத டைப் பண்ணி அந்த ஆபீசுக்கு அனுப்பிடு. கீழ பழைய லாரின்னு போடு" என்று என்னிடம் கொடுத்தார். சரி, இது முடியட்டும், பிறகு உன் பேச்சை எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இருபத்தாறாவது, பாலத்தின் அகலம். இருபத்தெட்டாவது, லாரிக்குப் பின்சக்கரம் நான்கு, நீங்கள் இரண்டு போட்டிருக்கிறீர்கள். நடுவே இருபத்தேழை அவர் எழுதினபடியே எழுதுகிறேன்:

'செங்கல் சூளைப் பிரிவு, காலை முதல் தொடர்பு இல்லை என்று இருக்கிறது. தவறு. 11.40 வரை தொடர்பு இருந்தது. கடைசிச் செய்தி: ரெண்டு பேரைத் தூக்கிட்டு வர்றோம், இருபது நிமிஷம்.'

மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நினைக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? அவர் பக்கத்து மேஜையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு சரிதானா? மாத்தி எழுதிட்டீங்களா?" என்றேன்.

"எது, வயர்லெஸ்ஸா? சரிதான். நான்தானே காதுல வச்சுக் கேட்டேன்" என்றார், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் இருபத்தெட்டாவதை டைப் செய்தேன். நாற்பத்தொன்று வரை முடித்தேன்.

பாத்திரம் கழுவும்போது சமையலறை வாசலில் வந்து நின்றார். "டாங்கி சத்தம் கேட்டுச்சு. இருபது நிமிஷம்னு சொன்னான். முப்பது ஆகலாம், நாப்பது ஆகலாம், யாருக்குத் தெரியும்?" என்றார். குழாயை மூடாமல் கழுவிக்கொண்டே இருந்தேன். விசாரணையில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் எனக்கு ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்வார். அந்தப் பதில் நியாயமாகக்கூட இருக்கும். எனக்கு அது வேண்டாம். என் தம்பி நேரம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான், சொன்ன நேரத்துக்கு வந்தும் இருக்கிறான். இத்தனை வருடமும் அதைக் கேட்ட காதுக்குப் பக்கத்தில் நான் படுத்திருக்கிறேன்.

நீ அவரை மன்னித்துவிட்டதுபோல் எழுதியிருக்கிறாய். உன் மன்னிப்பு உன்னோடு இருக்கட்டும். இத்தனை வருடம் நீ சுமந்ததை நான் இப்போதுதான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கொஞ்ச காலம் வேண்டும்.

அவர் கைப்பட எழுதின தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். முதலாளி ஆதாரம் கேட்டால் காட்டு. நாற்பது திருத்தத்தையும் ஒழுங்காகச் செய், லாரிச் சக்கரம் உட்பட. அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். எட்டில் மட்டும் கை வைக்காதே. அவர் எட்டுதான், எட்டாகவே இருக்கட்டும். இருபத்தேழை நான் சொல்கிறபடி செய். பதினொன்று நாற்பதுக்குத் திரையில் பெரியவன் சொன்னது வர வேண்டும். ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. அதற்குக் கீழே 'சரி' என்று ஒரே ஒரு பட்டன் இருக்கட்டும். அதை அழுத்தாமல் ஆட்டம் நகரக் கூடாது. அழுத்தினதும் பாலம் போகட்டும்.

ஜூனில் வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒன்றைப் போட்டது நீதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இனி அது ஒரு விஷயமே இல்லை.

அப்டேட் என்றைக்கு வருகிறது என்று முன்கூட்டியே எனக்கு எழுது. அன்றைக்குக் கடைக்கு லீவு போடுகிறேன். வந்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் அதை இறக்கிவிடுவார். பின்னறைக்கு இன்னொரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பட்டனை அவர் அழுத்துகிறாரா இல்லையா என்று, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.

அக்கா